முட்டை வேண்டாம் என்ற மாணவன்

(தூத்துக்குடியில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2011 ஜூனில் நம் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற அந்தக் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. அதற்குள் வந்த காலாண்டு விடுமுறையில், தடையின்மைச் சான்று பெற்று, நானும் நண்பர் ஒருவரும் அதில் சென்று வந்தோம்.

கொழும்பில் ஒரு மதியம் ஓர் உணவகத்தில் சோறும் சூரை மீன் குழம்பும் சாப்பிட்டோம். மீன் நாக்கில் மிளகு போலச் சுரீரென்றது. இலங்கைக் காரம் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்துக்குள் முகமும் மார்பும் சிவந்து எரிந்தன. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. "முத்துநகர்க்காரருக்கே மீன் ஒத்துக்கொள்ளவில்லையா?" என்று நண்பர் சிரித்தார். சற்று நேரத்தில் அவர் முகமும் சிவந்தது.

மருத்துவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு நேரத்தில் தொடங்கியது? உடன் சாப்பிட்டவருக்கும் இருக்கிறதா? பிறகு, "இது ஒவ்வாமை அல்ல. மீனில் இருந்த ஹிஸ்டமின்" என்றார். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை உடனே ஐஸில் வைக்காவிட்டால், பாக்டீரியாக்கள் அவற்றிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மாத்திரை கொடுத்தார். இரவுக்குள் சரியாகிவிட்டது.

உண்மையான ஒவ்வாமையில் என்ன நடக்கும் என்று கேட்டேன். "இதே ஹிஸ்டமினை உடம்பே வெளியிடும். உங்களுக்கு மீனோடு வந்தது, அவர்களுக்கு உள்ளிருந்து வரும்" என்றார்.

அப்போதுதான் என் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். சத்துணவு முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவான். "வாய் அரிக்குது சார்" என்பான். சாக்குச் சொல்கிறான் என்று எண்ணி, பக்கத்தில் நின்று சாப்பிட வைத்திருக்கிறேன். எனக்கு அரித்தபோது மருத்துவர் கேள்வி கேட்டார். அவனுக்கு அரித்தபோது நான் கேட்டேனா?

பள்ளி திறந்ததும் அவன் அம்மாவை வரவழைத்தேன். "சின்னப்புள்ளையில முட்டை குடுத்தா உடம்பெல்லாம் தடிச்சிரும் சார். யாரும் கேக்கல, அதான் சொல்லல" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு முட்டைக்குப் பதில் வாழைப்பழம். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. நான்தான் அவனுக்கு அதைத் தரவில்லை.

ஆசிரியர்களே, ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஆகாது?" பதிலைக் குறித்துவைத்து, சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் தெரிவியுங்கள். தோலில் தடிப்பு மட்டும் என்றாலும் பிள்ளையைத் தனியே விடாமல் கவனியுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், குரல் கம்மினால், மயங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. வீட்டு வைத்தியத்தில் நேரம் போகக்கூடாது.

அந்த ஆண்டு குழந்தைகள் தின விழாவில் வகுப்புக்கு நம்மூர் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் வாயில் போட்டார்கள். அவன் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுல முட்டை இருக்கா?" என்று கேட்டான். முந்திரியும் சர்க்கரையும் மட்டுமே என் நினைவில் இருந்தன. அதை நுரைக்க வைப்பதே முட்டையின் வெள்ளைக்கரு என்பது அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதை வாங்கிக்கொண்டு கடலைமிட்டாய் கொடுத்தேன்.

அவனுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. கேட்கத் தெரியாத பிள்ளைகளுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.