அதிரசமும் நாட்காட்டியும்

தலைப்பு: "வீட்டுத் தொழில் வளரப் பெரிதும் துணை நிற்பது கைப்பக்குவமா? முறையான விளம்பரமா?"
('முறையான விளம்பரமே' அணியில் பேசியது)



எதிரணித் தோழர் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார். "கைப்பக்குவம் இருந்தா ஊரே தேடி வரும்"னு. வரும்யா, வரும். ஊரு தேடி வர்றதுக்குள்ள அதிரசம் பூசணம் பூத்துப் போகுமே, என்ன பண்றது? (சிரிப்பு)

அந்த அதிரசத்தையே எடுத்துக்குவோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப்பாகில் கிளறி, மாவு சில நாள் ஊறணும். நினைத்த உடனே சுட முடியாது. எங்கள் பகுதியில் ஒரு சகோதரி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். பக்குவத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் போட்டார், "சுடச்சுட அதிரசம் தயார்"னு. முதல் நாள் ராத்திரி யாருங்க வாங்குவா? எல்லார் வீட்டிலயும் தூக்கு நிறைஞ்சாச்சு! வளையலை அடகு வைத்துச் செய்த பலகாரம், பாதிக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. அதிரசத்தில் குறையா? இல்லை நடுவர் அவர்களே, சொன்ன நாளில் குறை! (கைதட்டல்)

மறுவருஷம் அவர் மகள் பால் கணக்கு எழுதுற மாத நாட்காட்டியை எடுத்தாள். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். மூணு வாரம் முன்னால் விலைப்பட்டியல். அடுத்த வாரம் வெல்லம் வந்து இறங்குற படம். பத்து நாள் முன்னால் "ஆர்டருக்கு இன்றே கடைசி". அப்புறம்தான் மாவே இடிச்சாங்க, கேட்ட அளவுக்கு மட்டும். தீபாவளி ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும், அதனால் போன வருஷக் குறிப்பு உதவாது. மாசியில் மாவடு, சித்திரை வெயிலுக்கு வடகம் என்று மற்றதையும் அப்படியே குறித்துவிட்டாள்.

"அடுப்படியில நிக்கிறவங்களுக்குத் தினமும் எழுத நேரம் ஏது?"ன்னு கேட்டாரு தோழர். தினமும் எவன் எழுதச் சொன்னான்? தினமும் ரோஜாப்பூ போட்டு 'காலை வணக்கம்' சொல்றவங்க கடைக்கு நான் போனதே இல்லை. (சிரிப்பு) வாரம் இரண்டு போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி, தேதியும் நேரமும் குறித்துவிட்டால் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்த நேரத்தில் தானாகவே வெளியிடும்.

எதை எங்கே போடுறதுன்னும் இருக்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துபோகும். அதில் விலைப்பட்டியலைப் போட்டால் மறுநாள் தேடுகிறவர் என்ன செய்வார்? அது இன்றைய சூட்டுக்கு மட்டும். வடகத்தை எப்படிக் காப்பாற்றுவது, எண்ணெய் எவ்வளவு காயணும் என்பதை வலைப்பதிவாக எழுதினால் இரண்டு வருஷம் கழித்தும் யாரோ தேடிப் படிப்பார்கள். இன்னொன்று. பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் ஒலிபரப்புச் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் அந்தப் பெண் பொட்டலத்தின் மேலேயே அச்சடித்தாள்: "இந்த எண்ணைப் பதிந்து வையுங்கள்."

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்களே, கோபால் பல்பொடி இன்னமும் ஏன் ஞாபகம் இருக்கு? பல்லு போனவங்களுக்கும் ஞாபகம் இருக்கே! (சிரிப்பு, கைதட்டல்) விடாமல் காதில் விழுந்தது.

நடுவர் அவர்களே, தீர்ப்பை இன்றைக்கே சொல்லலாம். ஆனால் அந்த வீட்டு அதிரசம் வேணும்னா மூணு வாரம் முன்னாலேயே சொல்லிடுங்க.