சத்தத்துக்கு நடுவே பேசும்போது



காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1897-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. இப்போது காது கேளாமல் பிறக்கும் குழந்தைகள் பலர், உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கே போகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கட்டணமின்றி நடக்கிறது.

அதன்பிறகு பெற்றோருக்கு ஒரு குழப்பம் வரும். "பயிற்சி அறையில எல்லாத்தையும் சரியாச் சொல்லுதான். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான்." கருவி கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை.

ஒலியை நரம்புக்குச் சேர்க்க நம் உள்காதில் ஏறத்தாழ 3,500 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. இம்ப்ளான்டில் அந்த வேலைக்கு இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள்தான். அமைதியான அறையில் இதுவே போதும். கூட்டத்தில் இரண்டு குரல்களை நாம் பிரித்தறியச் சுருதி வேறுபாடு பெரிதும் உதவுகிறது. அந்த நுணுக்கத்தைக் கருவி முழுதாகத் தருவதில்லை. அதனால் அம்மாவின் குரலும் பஸ் இரைச்சலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

இரைச்சலில் சொற்களும் குழம்பும். 'பல்', 'கல்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டையும் பிரிப்பது தொடக்கத்தில் வரும் ஒரு நொடிக்கும் குறைந்த ஒலி. மின்விசிறிச் சத்தமே அதை விழுங்கிவிடும். ஆனால் 'ப' சொல்லும்போது உதடு மூடுகிறது, 'க' சொல்லும்போது மூடுவதில்லை. காதுக்குத் தப்பியதைக் கண் பிடித்துக்கொள்ளும். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லும் ஆசிரியர், அந்தப் பிள்ளைக்கு இருக்கும் இந்த உதவியையும் பறித்துவிடுகிறார்.

அடுத்தது தூரம். பேசுபவருக்கும் குழந்தைக்கும் உள்ள இடைவெளி பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். இரைச்சலோ அப்படியே இருக்கும். அதனால் முன்வரிசை இருக்கை சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. ஆசிரியர் சட்டையில் செருகிக்கொள்ளும் சிறு மைக் இன்னும் நல்லது. அது அவர் குரலை நேரே கருவிக்கு அனுப்பிவிடும்.

கத்திப் பேசுவதால் பயனில்லை. மிகையான சத்தத்தைக் கருவி தானே அடக்கிவிடும், உதட்டசைவும் கோணிப்போகும். ஆச்சி அடுக்களையிலிருந்து "ஏ மக்கா, சாப்பிட வாலே" என்று குரல் கொடுக்கும் முன் மிக்சியை நிறுத்தட்டும், பிள்ளையின் எதிரே வந்து நிற்கட்டும். புரியவில்லை என்றால் அதையே வேறு சொற்களில் சொல்லட்டும். கருவியைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்யும் மேப்பிங்குக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் குறித்த நாளைப் பெற்றோர் தவறவிடக் கூடாது.

மருத்துவர் தம் வேலையை முடித்துவிட்டார். மீதி வேலை, அந்தப் பிள்ளையோடு பேசும் நம் எல்லாருடையதும்.