ஆட்டுக் கடனுக்குக் கேட்கிற கேள்வியைக் காலேஜுக்கும் கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பொம்பளப் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்தா வேலை கிடைக்குமா?" இதைப் பற்றித்தான் பேசச் சொன்னீங்க. நான் பாலிடெக்னிக்கில் பணிமனைப் பயிற்றுநர். லேத், ஃபிட்டிங், வெல்டிங் சொல்லிக் கொடுக்கிறவள். இன்ஜினியர் என்றால் என்ன வேலை என்று பொதுவாகப் பேசினால் மனசில் நிற்காது. அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கு. லாப நோக்கம் இல்லாதது. டீன் கேமன் என்கிற கண்டுபிடிப்பாளர் 1989-ல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி நடத்துவதுதான் அதன் வேலை. 1992-ல் மான்செஸ்டர் என்கிற ஊரில், ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. இன்று பல நாடுகளில் நடக்குது. சின்னப் பிள்ளைகளுக்கான அவர்களுடைய லெகோ போட்டி நம் இந்தியாவிலும் நடக்குது.

பெரிய பிள்ளைகளின் போட்டி எப்படி நடக்கும்? ஒவ்வொரு ஜனவரியிலும் புது விளையாட்டை அறிவிப்பார்கள். பந்தைக் கூடையில் போடணும், கம்பியைப் பிடிச்சு ஏறணும், இப்படி ஏதாவது ஒன்று. அதற்கேற்ற ரோபோவைப் பிள்ளைகளே செய்யணும். பேட்டரியெல்லாம் சேர்த்தால் 50 கிலோவைத் தாண்டும். களம் ஏறக்குறைய 54 அடி நீளம், 27 அடி அகலம். ஒரு பக்கம் மூன்று ரோபோ, எதிர்ப்பக்கம் மூன்று. ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிஷம். தொடக்கத்தில் சில விநாடி யாரும் கை வைக்கக் கூடாது. எழுதி வைத்த புரோகிராம்படி அதுவாக ஓடணும்.

இந்த மாதிரி அமைப்பில் பொறியாளருக்கு என்ன வேலை என்று கேட்பீங்க. போட்டி நடத்துகிற இடம்தானே, மைக் பிடிக்கவும் பரிசு கொடுக்கவும் ஆள் போதுமே என்று தோணும். ஆனால் அவர்கள் பொறியாளர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். ஏன் என்று சொல்றேன்.

முதலாவது, களம். 50 கிலோ இயந்திரம் வேகமாக வந்து மோதினாலும் உடையக் கூடாது. இந்த வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். கழற்றி, லாரியில் ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்டணும். எல்லா ஊரிலும் ஒரே அளவு இருக்கணும். ஒரு ஊரில் கூடை இரண்டு அங்குலம் உயரமாக இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அநியாயம். இது மெக்கானிக்கல் படித்தவர் வேலை.

இரண்டாவது, கட்டுப்பாடு. ஆறு ரோபோவும் ஒரே நொடியில் புறப்படணும், ஒரே நொடியில் நிற்கணும். ஏதாவது கோளாறு என்றால் பொத்தானை அமுக்கினதும் அடங்கணும். சுற்றி நிற்பது பிள்ளைகள். எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இங்கே வேலை.

மூன்றாவது, பாகங்கள். அணிகளுக்கு மோட்டார், கண்ட்ரோலர் என்று ஒரு தொகுப்புப் பெட்டி போகும். அதில் போகிற பொருள் பிள்ளைகள் கையில் பத்திரமா, விலை கட்டுமா, தாங்குமா என்று சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

நான்காவது, விதிப் புத்தகம். ஒரு வரி இரண்டு விதமாகப் புரிந்தால் போதும், ஊர் ஊராகச் சண்டை வரும். தீர்மான நோட்டில் ஒரு வரியைச் சரியாக எழுதாமல் விட்டால் குழுவில் என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெளிவாக எழுதத் தெரிவதும் பொறியாளர் வேலைதான்.

அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கிற மான்செஸ்டர் ஊர் பஞ்சாலை ஊர். அமாஸ்கெக் என்று உலகிலேயே பெரிய பருத்தி ஆலைகளில் ஒன்று அங்கே ஆற்றங்கரையில் இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் உழைத்தார்கள். 1930களில் மூடிவிட்டார்கள். அந்த ஆலைக் கட்டடங்கள் இருந்த பகுதியில்தான் இன்றைக்கு இந்த அமைப்பு நடக்குது. மில்லுக்குப் போய் நூல் ஓட்டினவங்க இந்தக் கூட்டத்திலும் இருக்கீங்க. மில் மூடினால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மெஷினை ஓட்ட மட்டும் தெரிந்தவருக்கு மெஷினோடு வேலையும் போய்விடும். மெஷின் ஏன் ஓடுது, ஏன் நிக்குது என்று தெரிந்தவருக்கு வேறு இடத்தில் வேலை இருக்கும். நம் பிள்ளைகள் அந்த இரண்டாவது ஆளாக வரணும்.

நம் பிள்ளைகள் நாளைக்கே அமெரிக்கா போய்விடலாம் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. அந்த அமைப்பில் வேலைகள் கொஞ்சம்தான். ஆனால் கோயம்புத்தூர் பம்பு கம்பெனியானாலும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையானாலும் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நீ என்ன செஞ்சிருக்கே?" மார்க் என்ன என்பது அடுத்தது. ரோபோ செய்த பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்கும். நாலு வருஷம் புத்தகத்தை மட்டும் படித்த பிள்ளை அங்கே தலை குனிந்து நிற்கும். அந்தத் தலைகுனிவுக்குப் பின்னால் உங்க நகை அடகில் இருக்கும்.

அதனால்தான் சொல்றேன். குழுவில் ஒருத்தங்க ஆடு வாங்கக் கடன் கேட்டால் சும்மா கொடுக்கிறோமா? கொட்டகை இருக்கா, மேய்ச்சல் எங்கே, யாருக்கு விப்பே என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். இருபதாயிரம் ரூபாய்க்கு அத்தனை கேள்வி கேட்கிற நாம், லட்சக்கணக்கில் கட்டுகிற காலேஜில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கட்டடத்தைப் பார்க்கிறோம், பஸ்ஸைப் பார்க்கிறோம், வந்துவிடுகிறோம்.

இனிமேல் மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று: "பணிமனையும் லேபும் எங்கே, திறந்து காட்டுங்க." மெஷின் மேல் தூசி படிந்திருந்தால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும். இரண்டு: "முதல் வருஷத்திலிருந்தே பிள்ளை தன் கையால் என்ன செய்யும்? எந்தப் போட்டிக்குக் கூட்டிப் போவீங்க?" மூன்று: "போன வருஷம் படித்து முடித்த பெண்கள் எங்கே வேலை பார்க்கிறாங்க? இரண்டு பேரோடு பேச வைப்பீங்களா?"

கடன் வாங்குவதற்கு முன்னால் உரிமையாக வருவதை வாங்குங்க. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு; அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் வந்தால், டிப்ளமோவுக்குப் பிறகு நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதற்குள் கை பழகியிருக்கும்.

"மெக்கானிக்கல் எல்லாம் ஆம்பளைப் படிப்பு" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கேன். இதே டீன் கேமன் தொடங்கிய இன்னொரு உலகப் போட்டி 2017-ல் வாஷிங்டனில் நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்திலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் போக இருந்தார்கள். இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்துப் போனார்கள், பதக்கத்தோடு திரும்பினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த ஊர்ப் பெண்கள் அணி, டொயோட்டா கொரோலா காரின் உதிரி பாகங்களை வைத்து மூச்சுக் கருவி செய்ய இறங்கியது. அவர்கள் பட்ட கஷ்டத்துக்கு முன்னால் நம் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு பெரிசா?

உங்க வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கிற பெண் பிள்ளை இருந்தால் திட்டாதீங்க. முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க, பிறகு ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்கிக் கொடுங்க. பள்ளியில் ரோபோடிக்ஸ் லேப் இருக்கா, அது பூட்டியே கிடக்கா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க.

கூட்டமைப்பிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்க: கல்விக் கடன் கேட்கும் உறுப்பினரோடு இரண்டு பேர் போய் அந்தக் காலேஜ் பணிமனையைப் பார்த்துவிட்டு வரணும். ஆட்டுக் கொட்டகையைப் பார்க்கப் போகிற மாதிரியே போங்க. கூப்பிட்டால் நானும் வருவேன். எந்த மெஷின் ஓடுது, எது வெறும் காட்சிக்கு நிக்குது என்று எனக்குத் தெரியும்.