கொடுக்கைப் பிடுங்குங்கள்!

நடுவர் அவர்களே! எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "சிறகு முளைச்சா குஞ்சு பறந்துடும். தனிக்குடித்தனம்தான்யா இயற்கை" என்றார். எந்தக் குஞ்சைப் பார்த்தாரோ! முருங்கை மரத்தடியில் ஏழெட்டாகச் சேர்ந்து கத்திக்கொண்டு திரிகிறதே தவிட்டுக்குருவி, அதைப் பார்க்கவில்லையா? அங்கே குஞ்சுக்கு இரை ஊட்டுவது பெற்றவை மட்டுமா? கூட்டமே ஊட்டுகிறது!

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்துக்கு வாருங்கள். மீர்கட் என்று ஒன்று. நம்ம ஊர்க் கீரிக்குச் சொந்தம். தேளும் அதற்குச் சாப்பாடு. குட்டிக்குத் தேள் பிடிக்கத் தெரியுமா? தெரியாது. கூட்டத்துப் பெரியவை முதலில் செத்த தேளைக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்தால், கொடுக்கைப் பிடுங்கிவிட்டு உயிரோடு கொடுக்கும். அப்புறந்தான் முழுத் தேள்! 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட உண்மை இது. பி.எட். படிக்காத வாத்தியார்கள் ஐயா! (கைதட்டல்)

"அந்தக் கூட்டத்திலே மூத்த பெண், கருவுற்ற இளைய பெண்ணை விரட்டியடிக்குமே?" என்று எதிரணி கேட்கும். உண்மை. நானே சொல்லிவிடுகிறேன். விரட்டப்பட்டது திரும்பி வந்து, மூத்தவள் குட்டிக்குப் பால் கொடுப்பதும் உண்டு. நம்ம வீட்டிலும் பாரமெல்லாம் மருமகள் தலையில்தானே விழுகிறது? அம்மா, உங்கள் கண்ணீர் எனக்குத் தெரியும்.

அதற்காக, பூட்டிய ஃப்ளாட்டில் டி.வி.யை நம்பிப் பிள்ளையை விட்டுப் போவதா? வெளியே உலகம் முழுத் தேளாக நிற்கிறதே! கூட்டுக்குடும்பத்துக்கும் கொடுக்கு உண்டு. கொடுக்கைப் பிடுங்குங்கள், குடும்பத்தைப் பிடுங்காதீர்கள்!