நாற்பது வயதுக்குப் பின் லாரி ஓட்ட வருவோர்

(மோட்டார் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லாரித் தொழிலுக்கு வருகிற வழி ஒன்றுதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு சிறுவன் கிளீனராக வண்டியில் ஏறுவான். வட இந்தியாவில் அவனைக் கலாசி என்பார்கள். அவன் ஓட்டுநரை உஸ்தாத் என்று அழைப்பான். டயர் மாற்றுவான், தார்ப்பாய் கட்டுவான், பின்னால் நின்று கை காட்டுவான், சமைப்பான். சில ஆண்டுகள் கழித்து ஆளில்லாச் சாலையில் உஸ்தாத் ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுப்பார். அவ்வாறுதான் இந்நாட்டின் சரக்குப் போக்குவரத்து தனக்கு வேண்டிய ஓட்டுநர்களை உருவாக்கிக்கொண்டது. அதற்கென எந்த முதலாளியும் செலவு செய்ததில்லை. சிறுவனின் ஊதியமற்ற உழைப்பே பயிற்சிக் கட்டணமாக இருந்தது.

இன்று வேறொரு கூட்டம் இத்தொழிலின் வாசலில் நிற்கிறது. அவர்கள் சிறுவர்கள் அல்லர், நாற்பதைக் கடந்தவர்கள். ஆலை மூடப்பட்டு வெளியே வந்தவர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், சாகுபடிக் கடனில் நிலத்தை இழந்தவர்கள், கடை நொடித்தவர்கள். ஓட்டுநர் பற்றாக்குறை என்று லாரி உரிமையாளர் அமைப்புகள் தொடர்ந்து கூறிவருகின்றன. இளைஞர்கள் இத்தொழிலை விரும்பவில்லை என்பது அவர்களுடைய வருத்தம். ஏன் விரும்பவில்லை என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. இளைஞர்கள் விலகிச் செல்லும் இருக்கையில், போக்கிடமற்ற நடுவயதுக்காரர் வந்து அமர்கிறார். நிலைமையின் சாரம் இதுதான்.

இது புதிய வரலாறும் அன்று. 1982 ஜனவரியில் மும்பையில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பையிலும் அகமதாபாத்திலும் கான்பூரிலும் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது, தறியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் பாதி வாழ்நாளைக் கடந்த நிலையில் புதுத்தொழில் தேட வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த கைம்முதல் உடலுழைப்பும் கொஞ்சம் இழப்பீட்டுப் பணமும்தான். அன்றிலிருந்து இன்றுவரை, அமைப்புசார்ந்த வேலையிலிருந்து தள்ளப்படும் தொழிலாளியை ஏற்றுக்கொள்ளும் இடங்களில் ஒன்றாகச் சாலைப் போக்குவரத்து இருந்துவருகிறது. ஏற்றுக்கொண்ட பின் அவரை எவ்வாறு நடத்துகிறது என்பதே ஆராயத்தக்கது.

முதலில் சட்டத்தின் நுழைவாயிலைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்த பிறகே, போக்குவரத்து வண்டிக்கான பழகுநர் உரிமம் கேட்க முடியும். மருத்துவச் சான்று வேண்டும். பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டது. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். மேல்வயது வரம்பு என்று ஒன்றில்லை. உடல் தகுதி இருந்தால் 45 வயதிலும் 50 வயதிலும் ஒருவர் ஹெவி லைசென்ஸ் எடுக்கலாம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பின்படி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிகளை இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். தமிழ்நாட்டில் குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியில் தொடங்கி, மெல்ல பெரிய லாரிக்குப் போவது நடுவயதுக்காரர்கள் பலருக்கு இயல்பான வழியாக இருக்கிறது.

ஆகவே உரிமத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள கதவுகளின் கதை வேறு.

பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, கனரக வண்டிக்கான பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம். இது தொடக்கத்துக்குப் போதும், தொழிலுக்குப் போதாது. காலி வண்டியை மைதானத்தில் எட்டுப் போடுவதும், 25 டன் பாரத்தோடு மலைச்சரிவில் இறங்குவதும் ஒன்றல்ல. பாரம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பிரேக் டிரம் எப்போது சூடேறுகிறது, மழையில் எவ்வளவு முன்பாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் அமர்ந்துதான் கற்க முடியும்.

அந்தப் பக்கத்து இருக்கைதான் பறிக்கப்பட்டுவிட்டது. நேஷனல் பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் முன்பு கூறின. 2018இல் அந்த இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. நடைமுறையில் அதற்கு முன்பே செலவைக் குறைப்பதற்காகக் கிளீனர்களும் மாற்று ஓட்டுநர்களும் குறைக்கப்பட்டு வந்தார்கள். மீறலாக இருந்தது பின்னர் விதியாகவே ஆகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சுப் பாரம் 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டதையும் சேர்த்துப் பாருங்கள். வண்டியில் பாரம் கூடியது, ஆள் குறைந்தது. புதிதாக வரும் நடுவயதுக்காரருக்கு உஸ்தாத் இல்லை. முதல் நீண்ட பயணத்திலேயே அவர் தனியர்.

அடுத்தது கூலி. மாதச் சம்பளம் என்பது இத்தொழிலில் சிறுபகுதியினருக்கே. பெரும்பாலோருக்கு டிரிப் கணக்கு, அதற்குமேல் பேட்டா. எத்தனை லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் என்று உரிமையாளர் வரையறுப்பார். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, கூடுதல் செலவானால் அவர் கணக்கில் பிடித்தம். இந்த ஏற்பாடு தொழிலாளியையே தன் உயிருக்கு எதிராக நிறுத்துகிறது. சரிவில் நியூட்ரலில் வண்டியை விட்டு டீசல் மிச்சம் பிடிக்கத் தூண்டுவது இந்தக் கணக்குத்தான். எஞ்சினின் தடுப்புச் சக்தி இல்லாமல் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்கும்போது அது சூடேறித் தோற்றுவிடுகிறது. அனுபவசாலிக்கே ஆபத்தான இந்த உத்தியைப் புதியவர் கடைப்பிடித்தால் விளைவு என்னவாகும்? மறுநாள் செய்தித்தாளில் அது ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்ற இரு சொற்களில் முடிந்துவிடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். கூலி முறையைப் பேசாமல் இந்த எண்ணிக்கையைக் குறைக்க இயலாது.

காத்திருப்புக்குக் கூலி இல்லை என்பது இன்னொரு கொள்ளை. துறைமுக வாயிலில், சிமெண்ட் ஆலை வாசலில், குடோன் முன்னால் லோடு ஏற்றவும் இறக்கவும் ஒரு நாள், இரண்டு நாள் என்று லாரி நிற்கிறது. டிரிப் கணக்கில் அந்த நாட்கள் இல்லாத நாட்கள். போக்குவரத்து உழைப்பும் பண்டத்துக்கு மதிப்பைச் சேர்க்கும் உற்பத்தி உழைப்பே என்று மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். சரக்கு ஆலை வாசலில் காத்திருக்கும்போதும் அதைக் காத்து நிற்பவர் ஓட்டுநர்தான். அந்த நேரம் மூலதனத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு, வார விடுப்பு, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி, ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு ஆகியவற்றையும் தந்தது. அந்த நேர வரம்பை மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் வலியுறுத்துகிறது. ஆனால் 1961 சட்டம் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தியது. இந்நாட்டின் லாரிகளில் பெரும்பகுதி ஓரிரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் உள்ளது. பெரிய சரக்கு நிறுவனம் தன் பெயரில் ஒப்பந்தம் எடுத்து, சிறு உரிமையாளரின் வண்டியை வாடகைக்கு அமர்த்தி, ஓட்டுநர் பற்றிய பொறுப்பைக் கைகழுவிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டிய அரசு அதை அகலப்படுத்தியது. 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு 1961 சட்டத்தை விழுங்கியது. ஐந்து என்றிருந்த வரம்பு அதில் பத்தாயிற்று. 2025 நவம்பர் 21 அன்று அத்தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன.

கண்காணிக்க வழியில்லை என்பது உண்மையன்று. ஃபாஸ்டாக் ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டி கடந்த நொடியைப் பதிவு செய்கிறது. இ-வே பில் ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுச் சரக்கின் ஆயுளை நிர்ணயிக்கிறது. வரிக்காகச் சரக்கின் பயணத்தை எண்ணத் தெரிந்த கணினிக்கு, ஓட்டுநர் உறங்காத மணிகளை எண்ண மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை.

இனி நடுவயதில் வருவோருக்கே உரிய அநீதிக்கு வருவோம். ஒன்றிய அரசு 2019இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது: 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். அதில் சேருவதற்கான வயது 18 முதல் 40 வரை. நாற்பத்தைந்து வயதில் ஆலையிலிருந்து தள்ளப்பட்டு லாரிக்கு வருபவர் அதன் வாசலில் கால் வைக்கவே முடியாது. வருங்கால வைப்பு நிதியோ 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே கட்டாயம். அதன் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். வரம்பு வயது 58. பழைய ஆலையில் எட்டு ஆண்டுகள் சேர்ந்த கணக்கை நெருக்கடியில் முழுதும் எடுத்துச் செலவிட்டவர், ஐம்பது வயதில் மீண்டும் முதற்படியில் நின்றால் பத்தாண்டை எட்டவே முடியாது.

விபத்து இழப்பீடும் அவ்வாறே. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, மரணத்துக்கான தொகை மாத ஊதியத்தின் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 25 வயதுக்குக் காரணி 216.91, 50 வயதுக்கு 153.09. சம்பளச் சீட்டே இல்லாத டிரிப் கூலிக்காரரின் குடும்பம், அந்தக் குறைந்த காரணியைக்கூட எந்த ஊதியத்தால் பெருக்குவது?

சொந்த வண்டி என்ற கனவும் நடுவயதுக்காரரைக் குறிவைக்கிறது. இழப்பீட்டுத் தொகையை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் வாங்கி, முதலாளி ஆகிவிட்டதாக அவர் எண்ணுகிறார். வாடகையைத் தீர்மானிப்பவர் புக்கிங் ஏஜெண்ட். டீசல் விலையைத் தீர்மானிப்பது அரசும் எண்ணெய் நிறுவனங்களும். தவணை நாளைத் தீர்மானிப்பது கடன் கொடுத்தவர். இவருக்கு மிஞ்சியது தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. ரிட்டன் லோடு கிடைக்காத மாதத்தில் தவணை தவறினால் வண்டியும் போகும், முன்பணமும் போகும்.

போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவரை இழந்த பின் பிள்ளைகளை வளர்ப்பதற்காக லாரித் தொழிலுக்கு வந்து, நெடுந்தூர ஓட்டுநராகப் பெயர் பெற்றார். ஆணுக்கே உரியதென்று கருதப்பட்ட தொழிலில் அவர் காட்டிய துணிவு போற்றுதலுக்குரியது. முதலாளித்துவ ஊடகங்கள் அவர் கதையைத் தன்னம்பிக்கைப் பாடமாக மட்டும் சொல்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரு பெண் ஓட்டுநருக்குத் தூய்மையான கழிப்பறையும் அச்சமின்றி உறங்க ஓரிடமும் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்ற கேள்வி அப்பாடத்தில் இடம்பெறுவதில்லை.

போராடாமல் எதுவும் கிடைத்ததில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்து நிகழ்த்திவிட்டுத் தகவல் தராமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சத்தில் ஓடுபவனின் நிலையை அது எண்ணிப் பார்க்கவில்லை. 2024 புத்தாண்டு நாளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். இரண்டே நாட்களில் அரசு பேச்சுக்கு வந்தது. ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. புதிதாக உற்பத்தியாகும் லாரிகளின் கேபினில் 2025 முதல் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருப்பதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் குளிர்ந்த கேபின் பதினாறு மணி நேர ஓட்டத்துக்கான உரிமமாக மாறிவிடக் கூடாது.

ஆகவே சங்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. நெடுந்தூர வண்டியில் இரண்டாவது ஓட்டுநர் மீண்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும். புதியவர் முழுக் கூலியோடு அவ்விருக்கையில் அமர்ந்து தொழில் பழக வேண்டும். சரக்கை அனுப்பும் பெரு நிறுவனமே முதன்மை வேலையளிப்பவராகக் கருதப்பட்டு, கூலிக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும் 8 மணி நேரம் நடைமுறையாக வேண்டும். ஓய்வூதியத்துக்கான நாற்பது வயதுத் தடை நீங்க வேண்டும். கேரளத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மோட்டார் தொழிலாளர் நலநிதி இயங்குகிறது; தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் உள்ளது. மாநில எல்லையைத் தாண்டி ஓடும் தொழிலாளிக்கு, எல்லை தாண்டிச் செல்லுபடியாகும் பாதுகாப்பு வேண்டும்.

உடனடியாகச் செய்யத்தக்க பணியும் உண்டு. டிரான்ஸ்போர்ட் நகர்களிலும் லாரி நிறுத்தங்களிலும் புதிதாக வரும் நடுவயதுத் தோழரை அடையாளம் காணுங்கள். டிரிப் ஷீட்டையும் பேட்டா கணக்கையும் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஊதியத்துக்கு நாளை அதுவே சாட்சி. பழைய ஆலையின் வைப்பு நிதிக் கணக்கை அவசரப்பட்டு முடிக்காமல், இயன்றால் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ள உதவுங்கள். அவர் ஆலையில் செங்கொடியின் கீழ் நின்றவராக இருக்கலாம்; பேரம் பேசவும் கூட்டம் கூட்டவும் தெரிந்தவராக இருக்கலாம். தனித்தனிக் கேபின்களில் சிதறிக் கிடக்கும் இத்தொழிலுக்கு அந்த அனுபவம் பெருஞ்செல்வம். வண்டி ஓட்ட அவருக்கு நாம் கற்றுத்தருவோம். ஒன்றுபடுவதை அவரும் நமக்குக் கற்றுத்தரக்கூடும்.