எந்த ஊர்? எந்தத் தெரு?

('மனிதர்களை நாம் மதிப்பிடுவது பழகிப் பார்த்தா? கேள்விப்பட்டதை வைத்தா?' என்ற தலைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'கேள்விப்பட்டதை வைத்தே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மா சொன்னார்கள்: "நாங்கள் யாரையும் பழகிப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம்." ரொம்ப சந்தோஷம் அம்மா. போன மாதம் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலைக்காரர், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். "ராஜபாளையம்" என்றேன். மனிதர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்! (சிரிப்பு) அவர் என்னோடு எப்போது பழகினார்? எங்கள் ஊர் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். இதே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் போயிருந்தால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். கையில் இருக்கிற பையைப் பார்த்திருப்பார், பால்கோவா இருக்கிறதா என்று. (சிரிப்பு)

நாய் என்று சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2005-இல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதிலே ராஜபாளையமும் ஒன்று. பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. வெள்ளை என்றால்தான் ஜாதி நாய். உடம்பில் ஒரு புள்ளி விழுந்து பிறந்த குட்டியா, ஒதுக்கிவிடு. ஆனால் கால்நடை மருத்துவர் என்ன சொல்கிறார்? அந்தத் தூய வெள்ளையில்தான் பிறவிச் செவிடு அதிகம் என்கிறார். நிறத்தைப் பார்த்து வாங்கினவன் காதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தொண்டை வலிக்கக் கூப்பிடுகிறான்! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஒருவர், "பெண் கொடுக்கும்போது நாலு இடத்தில் விசாரிக்கிறோமே, அது பழகிப் பார்ப்பது இல்லையா?" என்று கேட்டார். விசாரிக்கிறோம் தம்பி. யாரிடம்? மாப்பிள்ளையிடமா? பக்கத்து வீட்டுக்காரனிடம்! அவனுக்கும் இவனுக்கும் வாய்க்கால் தகராறு என்பது நமக்குத் தெரியாது. (சிரிப்பு)

இன்னொரு நண்பர் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். "முப்பது வருஷம் கடை வைத்திருக்கிறவனுக்கு ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அது அனுபவம்" என்றார். உண்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கடன் சொல்லி ஏமாற்றியவன் முகம் ஞாபகம் இருக்கும். அதே ஜாடையில், அதே உடையில், சொன்ன தேதிக்குக் காசைக் கொண்டுவந்து கொடுத்த நானூறு பேர் முகம் ஞாபகம் இருக்குமா? இருக்காது. இதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஐயா, 1950-ஆம் ஆண்டு ஹெரால்ட் கெல்லி என்கிற உளவியல் அறிஞர் அமெரிக்காவிலே, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு சோதனை செய்து பார்த்த விவரத்தை வெளியிட்டார். வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வருகிறார். வருவதற்கு முன்னால் அவரைப் பற்றி மாணவர்களுக்கு ஆளுக்கொரு சின்னக் குறிப்புத் தாள். எல்லாத் தாளிலும் ஒரே செய்தி, ஒரு சொல்லைத் தவிர. பாதிப் பேர் தாளில் 'கனிவானவர்' என்று இருக்கும். பாதிப் பேர் தாளில் 'அவ்வளவு கனிவில்லாதவர்' என்று இருக்கும். ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு, ஒரே பேச்சு. முடிந்ததும் கேட்டால், முதல் கூட்டம் நல்ல மனிதர் என்கிறது. இரண்டாம் கூட்டம் சிடுமூஞ்சி என்கிறது! அதோடு நிற்கவில்லை. வகுப்பிலே அவரோடு கலந்து பேசியவர்கள், கனிவானவர் என்று படித்த கூட்டத்தில் நூற்றுக்கு 56 பேர். மற்றக் கூட்டத்தில் 32 பேர். கண்ணெதிரே ஆள் நிற்கிறார். காதிலே குரல் விழுகிறது. ஆனாலும் தாளில் இருந்த அந்த ஒரு சொல்தான் ஜெயித்தது. நடுவர் ஐயா என்னை அறிமுகப்படுத்தும்போது 'கொஞ்சம் நீட்டிப் பேசுவார்' என்று சொன்னீர்களே, இப்போது இந்த மக்கள் பார்வைக்கு நான் எப்படித் தெரிவேன்! (சிரிப்பு, கைதட்டல்)

அமெரிக்கா எதற்கு? இந்த ஊர்க் கதைக்கு வாருங்கள். பெரியாழ்வார் தினமும் மாலை கட்டி வைக்கிறார். கோதை அதை எடுத்துச் சூடி, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறாள். கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இன்னும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் மாலையில் ஒரு தலைமுடி. ஆழ்வார் பதறிப் போகிறார். மகளைக் கடிந்துகொள்கிறார். அன்றைக்கு மாலை சாத்தவில்லை.

ஆழ்வார் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. சொன்னால் இந்த ஊரை விட்டு வெளியே போக முடியாது. (சிரிப்பு) ஆனால் நிதானமாகப் பாருங்கள். கண் அவருக்குக் கொடுத்தது என்ன? ஒரு முடி. அவ்வளவுதான். 'ஒருவர் சூடியது ஆகாது, அது அசுத்தம்' என்பதைக் கண் கொடுக்கவில்லை. அது காலம் காலமாகக் கேட்டு வந்தது. பெருமாளுக்குப் பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பெருமாளை யாரும் கேட்கவில்லை! (கைதட்டல்) அன்று இரவு அவரே கனவில் வந்து, அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆகாது என்று ஒதுக்கிய அந்த வழக்கம்தான், இன்றைக்குத் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து மாலையாகப் போகிறது. சித்திரையிலே அழகர் வைகையில் இறங்கும்போது அவர் கழுத்திலும் இந்த ஊர் மாலைதான். ஆழ்வார் பெரியவர் ஐயா, ஒரே ராத்திரியில் மாறிவிட்டார். நமக்கு எத்தனை ராத்திரி வேண்டும்?

இந்த மாவட்டத்திலேயே கேட்கிறேன். 1997-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கட்டபொம்மன் படையில் நின்று உயிர் கொடுத்தவர் வீரன் சுந்தரலிங்கம். அவர் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் இந்த மாவட்டத்துக்கு என்று அறிவித்தார்கள். பஸ் அதே பஸ். டிரைவர் அதே டிரைவர். டிக்கெட் காசும் அதேதான். பக்கவாட்டில் எழுதப்போகிற பெயர் மட்டும் புதிது. அந்தப் பெயருக்குரியவர் எந்தச் சாதி என்று கணக்குப் பார்த்து, அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். கல்லெறி, கலவரம், உயிர்ப்பலி. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். பஸ் வருமா வராதா என்று நிறுத்தத்தில் நின்ற காலைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கடைசியில் அந்த வருஷமே அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. காமராசர் பிறந்த மண். அவர் பெயரில் இருந்த மாவட்டம். அதுவும் விருதுநகர் மாவட்டம் ஆனது.

பஸ்ஸிலிருந்து பெயர் போய்விட்டது. பஸ்ஸுக்குள்ளே என்ன நடக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி உட்காருகிறோம். பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மனிதர், கடலை மிட்டாய் தருகிறார். "எந்த ஊரு?" என்கிறார். சொல்கிறோம். "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" சொல்கிறோம். "எந்தத் தெரு?" இந்த மூன்றாவது கேள்வி தபால் கொடுப்பதற்கா ஐயா? (கைதட்டல்) விடை கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். அதற்கப்புறம் வரும் பேச்சு ஒன்று கொஞ்சம் நெருங்கும், இல்லையென்றால் கொஞ்சம் தள்ளிப் போகும். கடலை மிட்டாய் கொடுத்த அதே கைதான். அவரைக் கேட்டால், "நான் சாதி பார்க்கிறவன் இல்லை சார்" என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். எனக்குப் பயம் அங்கேதான்.

ஒருவனை வைத்து ஊரையே எடை போடுவது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் வஞ்சனை செய்தவன் ஒரே ஒரு பொற்கொல்லன். ஆனால் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலியாகக் கொடுத்தது ஆயிரம் பொற்கொல்லர்களை! அந்த 999 பேர் செய்த பாவம் என்ன என்று உரை எழுதிய பெரியவர்கள் விசாரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே எழுதினான். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறப்பை வைத்தே ஒருவனைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கலாம். 1911-இல் அது கைரேகை எடுக்கிற அதிகாரத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை கொடுக்க மாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்தை ரத்து செய்ய ஒரு கையெழுத்துப் போதும். 'அந்த ஊர்க்காரனா, ஜாக்கிரதை' என்ற பேச்சை யார் ரத்து செய்வது?

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போனால் நியாயம் இல்லை. வாத்தியாருக்கு வருகிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாள் எங்கள் கைக்கு வரும்போது அதில் மாணவன் பெயர் இருக்காது. டம்மி நம்பர்தான் இருக்கும். எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை! (சிரிப்பு) ஆனால் அகமதிப்பீட்டுக்கு டம்மி நம்பர் கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

என் வகுப்பில் ராஜபாளையத்துப் பையன் ஒருவன் இருந்தான். முதல் மணி வகுப்பில் தூங்குவான். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. எழுப்பினால் திருதிருவென்று விழிப்பான். ஒருநாள் வகுப்பே கேட்கிற மாதிரி, "என்ன தம்பி, ராத்திரி செகண்ட் ஷோவா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதிலிருந்து அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அகமதிப்பீட்டில் நான் என்ன போட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் ஒரு வேலையாக விடிகாலை பஸ் பிடித்தேன். நூல் மில் வாசலில் பஸ் நின்றது. நைட் ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்களில் அவனும் ஒருவன். கையில் தூக்குவாளி. இருபது வயதுப் பையனுக்குத் தலை நரைத்த மாதிரி முடியெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகத் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

நடுவர் ஐயா, அந்தப் பஞ்சு எனக்குப் புதிது இல்லை. அவன் காதோரத்தில், சட்டைக் காலரில் அதை நான் வகுப்பிலே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மில் சங்கு கேட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ணுகிற ஊரில் குடியிருக்கிறவன் நான். சிவந்த கண்ணும் பஞ்சும் ஒரே முகத்தில்தான் இருந்தன. எனக்குக் கண் மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "ஏன்டா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சொன்னா மில்லுக்காரப் பயன்னு ஆயிரும் ஐயா. செகண்ட் ஷோ பாக்குறவன்னா பரவாயில்ல, எல்லாப் பயலும் பாக்குறதுதானே."

மதிப்பெண் பட்டியல் அதற்கு முந்தின வாரமே கையெழுத்தாகிப் போய்விட்டது.

மணி அடிக்கிறீர்கள் ஐயா. உட்காருகிறேன்.