பழைய லேப்டாப்பும் நம் ஆதார் நகல்களும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்க அலுவலகத்துக்கு ஒரு சின்ன லேப்டாப் வாங்க வேண்டும், விசாரித்துச் சொல்லுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டார். விலைப்பட்டியல் வாசிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு முன் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் பொருளாளராக இருந்தபோது சங்கக் கணக்கை என் சொந்த லேப்டாப்பில்தான் வைத்திருந்தேன். அதை மாற்றியபோது எல்லாவற்றையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து கரூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "ஐயா, செகண்ட் ஹேண்டுல வாங்கின லேப்டாப்புல ரெக்கவரி சாப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். உங்க பென்ஷன் பேப்பர், அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வருது. நம்பர் அதுலதான் இருந்துச்சு. அழிச்சிடட்டுமா?" என்றான்.

நல்ல பையன். ஆனால் என் மனைவிக்கு என்ன நோய் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கே நாங்கள் சொன்னதில்லை; அவனுக்குத் தெரிந்திருந்தது. அதே லேப்டாப்பில் உங்கள் போன் நம்பர்களும், வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகல்களும், ஒப்பந்தப் பத்திரங்களும் இருந்தன. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும்.

டெலீட் என்றால் என்ன? பழைய லெட்ஜரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க இன்டெக்ஸில் ஒரு பெயரை அடித்துவிட்டால் உள்ளே அவர் கணக்குப் பக்கம் காணாமல் போய்விடுமா? போகாது. வேறு யாராவது அந்தப் பக்கத்தில் எழுதும் வரை அப்படியேதான் இருக்கும்.

என்னைப் போன்ற ஏமாளிகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129; அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12தான். ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது போலிருந்தது, கணக்கு எண்களோடு. மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம், தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் பழைய இயந்திரங்களை ஒப்படைத்தது. அவை ஏலத்துக்குப் போயின. 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் உங்களில் பலரும் மாற்றும் யோசனையில் இருப்பீர்கள். கடையில் ராம் எவ்வளவு என்று கேட்கிறோம். "ஸ்டோரேஜ் என்ன வகை, கழற்ற முடியுமா?" என்றும் கேளுங்கள். விலை குறைந்த சின்ன லேப்டாப்புகள் சிலவற்றில் இஎம்எம்சி என்ற சிப் இருக்கும், 64 ஜிபி, 128 ஜிபி என்று. அதை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். இயந்திரம் ஒருநாள் செத்துவிட்டால் அழிக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. தகவல் உள்ளேயே இருக்கும். என் ஓட்டு அதற்கு இல்லை. தனியாகக் கழற்றக்கூடிய என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ளதையே வாங்குவோம். அலுவலக உபயோகத்துக்கென வரும் சில மாடல்களில் பயாஸிலேயே முழு டிரைவையும் அழிக்கும் வசதி உண்டு. இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை.

எஸ்எஸ்டியில் ஒரு சிக்கல். ஹார்ட் டிஸ்க்கில் மேலே எழுதினால் பழையது போய்விடும். எஸ்எஸ்டியோ தேய்மானத்தைச் சமமாக்க புதியதை வேறு இடத்தில் எழுதிக்கொண்டே போகும். பழைய பிரதி எங்காவது தங்கிவிடும். 2011இல் கலிபோர்னியாவில் சோதித்தபோது, ஒரு டிரைவ் "அழித்துவிட்டேன்" என்று சொல்லியும் உள்ளே எல்லாம் அப்படியே இருந்ததாம்.

அதனால்தான் முதல் நாளே பூட்டிவிட வேண்டும் என்கிறேன். பூட்டைப் பற்றித் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விண்டோஸ் 11இல் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒன்று உண்டு. ஒரு ஃபைல்கூட ஏற்றுவதற்கு முன் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். பிறகு எழுதப்படுவதெல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தாகவே பதியும். விற்கும்போது ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அதற்குள் 'க்ளீன் டேட்டா' கொடுத்தால் போதும். சாவி போய்விட்டால் மிச்சம் கிடப்பது யாருக்கும் உதவாது.

ஆனால் சாவி தொலைந்தால் நமக்கும் திறக்காது. 48 இலக்க ரெக்கவரி எண் ஒன்று வரும். அது தனி ஒருவரின் மெயிலில் இருக்கக் கூடாது. சங்கத்தின் பொது மெயிலில் ஒன்று, தாளில் எழுதி அரக்கு வைத்த உறையில் ஒன்று. வங்கியில் ஸ்ட்ராங் ரூம் டூப்ளிகேட் சாவியை வேறு கிளையில் வைத்திருப்போம். அதுபோல உறை செயலாளர் வீட்டில் இருக்கட்டும், என் வீட்டில் வேண்டாம்!

இதோ மேசையில் இருப்பது சங்கத்தின் பழைய லேப்டாப். உள்ளே ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் ஆயிரத்தைந்நூறு தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அலுவலகத்தில் அதைக் கழற்றி, இன்னொரு கணினியில் இணைத்து, 'க்விக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடப் போகிறோம். சில மணி நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டிலும் பரணில் பழையது கிடந்தால் சார்ஜரோடு எடுத்து வாருங்கள். டீக்கு நான் பொறுப்பு.